சொல்லக் கற்கும் பிள்ளையும் கேட்கக் கற்கும் பள்ளியும்

ஐந்து அல்லது ஆறு வயதில் பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் பிள்ளை, வெளியேறும் வரை ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளை அங்கே கழிக்கிறது. இக்காலத்தில் அது முக்கோணத்தின் பரப்பளவைக் கணக்கிடக் கற்கிறது. பருவக் காற்றுகளின் போக்கை வரைந்து காட்டக் கற்கிறது. முகலாயர் ஆட்சி முறையைப் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதக் கற்கிறது. ஆனால் தோழர்கள் தன்னை ஒதுக்கி வைக்கும்போது என்ன செய்வது, சினம் பொங்கும்போது ஓங்கிய கையை எவ்வாறு தாழ்த்துவது, விரும்பாத வகையில் ஒருவர் தொட்டால் எப்படி மறுப்பது, அதனை யாரிடம் சொல்வது என்பவற்றைக் கற்பிக்க வேண்டியவர் யார் என்பது நெடுங்காலம் முடிவு செய்யப்படாமலே இருந்தது. வீடு பள்ளியை நோக்கியது. பள்ளி வீட்டை நோக்கியது. இவ்விரண்டிற்கும் இடையில் பிள்ளை தனியே நின்றது.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 10 முதல் 19 வயது வரையுள்ளோர் சுமார் 25.3 கோடி. அதாவது, ஐவரில் ஒருவர் வளரிளம் பருவத்தினர். இத்துணைப் பெரிய தொகையினரின் மன நலமும் பாதுகாப்பும் தனி வீடுகளின் பிரச்சினை மட்டுமன்று. நாட்டின் வளர்ச்சிப் பணியுள் ஒன்றாகவே கருதப்பட வேண்டும். சமூகத் திறன்கள், உணர்வுகளை அறிந்து கையாளுதல், தன் எல்லையைக் காத்துப் பிறர் எல்லையை மதித்தல் ஆகிய மூன்றையும் பள்ளியில் கற்பிக்க எடுக்கப்பட்டுள்ள முயற்சிகளையும், அவை பயன் தருவதற்கு வேண்டிய நிலைமைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மௌனத்தின் அளவு

2007-இல் மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழந்தைகள் மீதான கொடுமைகள் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கருத்து அறியப்பட்டது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்குத் தாம் ஆளானதாகக் கூறினர். அவ்வாறு கூறியவர்களுள் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். இக்கொடுமை பெண் குழந்தைகளுக்கு மட்டுமே நேர்வது என்ற பொதுவான எண்ணத்தை இப்புள்ளி தகர்த்தது. தொல்லை தந்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள், அல்லது அதன் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள்.

இவற்றினும் கவலைக்குரியது அவ்வறிக்கையின் வேறொரு முடிவு. தொல்லைக்கு ஆளான குழந்தைகளுள் பெரும்பாலோர் அதனை எவரிடமும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பேச்சுத் தெரியாததால் நேர்ந்த மௌனம் அன்று இது. நடந்தது இன்னதென்று சொல்வதற்குரிய சொல் அதனிடம் இல்லை. சொன்னால் நம்புவார்கள் என்ற உறுதி இல்லை. தன் மீதே பழி வருமோ என்ற அச்சம் இருந்தது. ஆகவே, கற்பிக்க வேண்டியவை இரண்டு: பிள்ளைக்குச் சொல்லக் கற்பித்தல், பெரியவர்களுக்குக் கேட்கக் கற்பித்தல். முன்னதைப் பற்றி நாம் ஓரளவு பேசத் தொடங்கியிருக்கிறோம். பின்னதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

வாழ்க்கைத் திறன்கள் எவை?

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பள்ளிகளுக்கென வாழ்க்கைத் திறன் கல்வியை வகுத்தபோது பத்துத் திறன்களை அடிப்படையாகக் கொண்டது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், தெளிவாகக் கருத்துரைத்தல், நல்லுறவு பேணுதல், ஆய்ந்து சிந்தித்தல், புதுமையாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், உணர்வுகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல் என்பவை அவை. இவற்றை 'நல்லொழுக்கப் பாடம்' என்ற பழைய பெயருக்குள் அடக்கிவிட இயலாது. நல்லொழுக்கப் பாடம் எதைச் செய்ய வேண்டும் என்று கூறும். வாழ்க்கைத் திறன் கல்வி அதைச் செய்வது எப்படி என்பதைப் பழக்கும். 'சினம் கொள்ளாதே' என்பது அறிவுரை. சினம் எழும்போது உடலில் தோன்றும் குறிகளை அறிந்து, அவ்விடத்தை விட்டுச் சற்று விலகி, மூச்சை நிதானப்படுத்திய பின்னர் பேசுவது திறன். நீந்துவதைப் போலவே இதுவும் பயிற்சியால் மட்டுமே கைவரும்.

நம் நாட்டில் இவ்வகைக் கல்வி பல பெயர்களில் வந்துள்ளது. 1980-இல் தேசிய மக்கள் தொகைக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 2005-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் இணைந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை அறிமுகப்படுத்தின. அதன் பாடப்பொருள் பண்பாட்டிற்கு ஒவ்வாதது என்ற எதிர்ப்புக் கிளம்பியதால் 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட சில மாநிலங்கள் அதனை நிறுத்தி வைத்தன. குழந்தைகளின் மௌனத்தை அளந்து காட்டிய ஆய்வறிக்கை வெளிவந்ததும் அதே 2007-ஆம் ஆண்டில்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

2018-இல் தில்லி அரசு தன் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்பதைத் தொடங்கியது. அமைதியாக அமர்ந்து மனத்தைக் கவனித்தல், கதை, செயல்பாடு, உணர்வை வெளியிடுதல் ஆகியவற்றைக் கொண்ட இப்பாடத்திற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வைக்கப்படவில்லை. 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்ப் பள்ளி நல்வாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இதற்கெனப் பயிற்சி பெற வேண்டும் என்றும், வாரத்தில் ஒரு மணி நேரம் செயல்பாடுகளின் வழியே கற்பிக்க வேண்டும் என்றும் அது வகுத்தது. அதன் 11 பொருள்களுள் உணர்வு நலமும் மன நலமும், மனித உறவுகள், பாலினச் சமத்துவம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல் என்பவை அடங்கும். அதே ஆண்டில் வெளியான தேசியக் கல்விக் கொள்கையும் அறிவுத் திறன்களோடு சமூக, அற, உணர்வுத் திறன்களையும் வளர்ப்பது கல்வியின் கடமை என்று கூறியுள்ளது.

எனவே, கொள்கை அளவில் குறை இல்லை. வகுப்பறையில் என்ன நிகழ்கிறது என்பதே கேள்வி.

உணர்வுக்குப் பெயரிடுதல்

முதற்படி, உணர்வுக்குப் பெயரிடக் கற்பித்தல். ஒரு மாணவனிடம் 'உனக்கு என்ன?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பான். வற்புறுத்தினால் 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்பான். அந்த 'ஒரு மாதிரி' என்பதற்குள் அவமானம், ஏக்கம், பொறாமை, ஆற்றாமை, அச்சம், தனிமை என எத்தனையோ அடங்கியிருக்கும். இவை யாவும் வெளியே வரும்போது பெரும்பாலும் சினமாகவே வருகின்றன. சினத்தை மட்டும் கண்ட ஆசிரியர் அதற்குத் தண்டனை தருகிறார். உள்ளே இருந்த அவமானம் அப்படியே தங்கிவிடுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இளிவரலையும் வெகுளியையும் தனித்தனி மெய்ப்பாடுகளாகப் பிரித்து வைத்துள்ளது. இத்தகைய சொல்வளம் உடைய மொழியைப் பேசும் பிள்ளைகள், தம் மனநிலையைக் கூற ஒரே ஒரு சொல்லோடு நின்றுவிட வேண்டிய தேவை இல்லை.

வகுப்பறையில் இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. காலையில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்பதோடு அன்றைய மனநிலையை ஒரு சொல்லால் கூறும்படி கேட்கலாம். விரும்பாதவர் கூறாமல் இருக்கலாம். பாடத்தில் வரும் கதை மாந்தர் ஒருவர் அந்நேரத்தில் என்ன உணர்ந்திருப்பார், அவ்வுணர்வு உடலில் எங்கே தெரிந்திருக்கும் என்று வினவலாம். மொழிப் பாட ஆசிரியர் இதனைத் தனிப் பாடவேளை இல்லாமலே செய்ய இயலும். ஓர் உணர்வும் தவறானது அன்று, அவ்வுணர்வின் பேரில் செய்யும் செயல்தான் சரியாகவோ தவறாகவோ இருக்கும் என்னும் வேறுபாட்டை நடுநிலைப் பள்ளி மாணவர் எளிதில் புரிந்துகொள்வர்.

கூடி வாழப் பழகுதல்

இரண்டாவது, சமூகத் திறன்கள். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பது, ஒருவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது, கருத்து மாறுபட்டாலும் ஆளை இகழாமல் மறுப்பது, செய்த தவற்றுக்குக் காரணம் கற்பிக்காமல் வருத்தம் தெரிவிப்பது ஆகியவை இதில் அடங்கும். இவற்றைச் சொல்லிக் கொடுப்பதைவிட நடித்துப் பார்ப்பது மேல். ஒரு மாணவி மற்றொருத்தியின் எழுதுகோலைக் கேளாமல் எடுத்துவிட்டாள் என்ற சிறு நிகழ்ச்சியை இருவர் நடித்துக் காட்ட, இது வேறு எவ்வாறு முடிந்திருக்கலாம் என்று வகுப்பு முழுவதும் ஆராயலாம்.

நம் நாட்டில் சமூகத் திறன் என்பது நல்ல பழக்க வழக்கங்களோடு முடிந்துவிடுவதன்று. யார் யாருக்கு அருகில் அமர்கிறார்கள், மதிய உணவின்போது யார் யாரோடு சேர்ந்து உண்கிறார்கள், தண்ணீர்க் குவளையை யார் முதலில் எடுக்கிறார்கள், வகுப்பறையைக் கூட்டும்படி யாரிடம் சொல்லப்படுகிறது என்பவற்றில் சாதியும் பாலினமும் மறைந்து நிற்கின்றன. பிறர் நிலையில் நின்று உணர்தலைப் பற்றி வாரத்தில் ஒரு மணி நேரம் கற்பித்துவிட்டு, எஞ்சிய நாள்களில் குறிப்பிட்ட சில பிள்ளைகளிடம் மட்டும் துடைப்பத்தைக் கொடுக்கும் பள்ளி, தான் கற்பித்ததைத் தானே அழித்துவிடுகிறது.

எல்லை என்னும் கருத்து

மூன்றாவது, தன்னெல்லை. இது மற்ற இரண்டினும் கடினமானது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டியவை சிலவே: உன் உடல் உன்னுடையது, உள்ளாடை மறைக்கும் பகுதிகளைப் பிறர் தொடவோ பார்க்கவோ கூடாது, உடல் நலத்திற்காக மருத்துவர் பார்க்க நேர்ந்தால் பெற்றோர் உடன் இருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்லி அங்கிருந்து அகன்றுவிடு, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல், அவர் நம்பவில்லையாயின் நம்புபவர் கிடைக்கும் வரை அடுத்தவரிடம் சொல். இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒரு பெரியவர் கட்டளையிடும் ரகசியம் எதுவாயினும் அதைச் சொல்லிவிட வேண்டும். தங்கையின் பிறந்த நாளுக்கு வாங்கி வைத்த பரிசை மறைப்பதும் இதுவும் ஒன்றல்ல என்பதைக் குழந்தைகள் நன்றாகவே உணர்வர்.

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்ற வழக்கு பரவலாக உள்ளது. எனினும் 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்' என்பதே பொருத்தம். 'கெட்டது' என்ற சொல்லைக் குழந்தை தன் மீதே ஏற்றிக்கொண்டு, தான் கெட்டுவிட்டதாக நினைக்கக்கூடும். குழந்தைகள் உதவித் தொலைபேசி அமைப்பான சைல்டுலைன் தயாரித்த 'கோமல்' என்னும் கேலிச்சித்திரக் குறும்படம் பல மொழிகளில் பள்ளிகளில் காட்டப்பட்டு வந்துள்ளது. அதில் தொல்லை தருபவர் முன்பின் அறியாத ஆள் அல்லர். குடும்பத்தோடு பழகிய நண்பர். குழந்தைகளை அறிமுகமற்றவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது போதாது என்ற உண்மையை அது எளிமையாக விளக்குகிறது.

வளரிளம் பருவத்தில் எல்லை என்பது மேலும் விரியும். ஒருவர் நாட்குறிப்பைப் படிக்காமலிருப்பது, கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்டு வற்புறுத்தாமலிருப்பது, படத்தை அனுமதியின்றிப் பகிராமலிருப்பது, 'இல்லை' என்ற விடையைத் திரும்பத் திரும்பக் கேட்டு 'ஆம்' ஆக்க முயலாமலிருப்பது ஆகியவையும் எல்லைகளே. மறுக்கக் கற்பிக்கும் பாடம் பெண்களுக்கு, மறுப்பை ஏற்கக் கற்பிக்கும் பாடம் ஆண்களுக்கு என்று பிரிப்பது சரியன்று. இருபாலாருக்கும் இரண்டும் தேவை.

மாற்றுத்திறன் குழந்தைகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். குளிப்பதற்கும் உடுப்பதற்கும் பிறர் உதவியை நாடும் பிள்ளைக்கு 'எவரும் தொடக் கூடாது' என்ற விதி பொருந்தாது. யார், எதற்காக, எவ்வாறு தொடலாம் என்பதை அதற்கு விளக்க வேண்டும். பேச இயலாத பிள்ளைக்குப் படங்களும் சைகைகளும் வேண்டும். மறுப்பைத் தெரிவிக்க அதற்கு ஒரு சைகையாவது கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கற்பிப்போர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. விளக்குவதற்காக எந்தக் குழந்தையையும் தொடலாகாது. பொம்மையோ படமோ போதும். சொந்த அனுபவத்தைக் கூறும்படி எவரையும் வகுப்பின் முன் கேட்கலாகாது. பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடுவதற்கு ஒரு பெட்டி வைக்கலாம். 'நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்' என்ற வாக்கை மட்டும் ஆசிரியர் தரவே கூடாது. அதற்கான காரணம் சட்டத்தில் உள்ளது. அதனைப் பின்னர் காண்போம்.

நாலந்தாவில் கிடைத்த பாடம்

இக்கல்வியை யார் கற்பிப்பது? ஏற்கெனவே பணிச்சுமை மிக்க ஆசிரியரிடமே இதனையும் ஒப்படைக்கலாமா? இதற்கு விடை காணப் பீகார் மாநிலத்தின் நாலந்தா மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 'செஹர்' எனப்படும் இவ்வாய்வின் முடிவுகள் 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின.

அரசு உயர்நிலைப் பள்ளிகள் மூன்று பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பகுக்கப்பட்டன. ஆய்வு நிறைவு பெற்றபோது 74 பள்ளிகள் அதில் இருந்தன. ஒரு பிரிவில், இதற்கெனவே அமர்த்தப்பட்டுப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் திட்டத்தை நடத்தினார். இவர் மனநல மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ அல்லர். இரண்டாவது பிரிவில் அதே திட்டத்தைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மற்றப் பணிகளோடு சேர்த்து நடத்தினார். மூன்றாவது பிரிவில் வழக்கமான கல்வி மட்டுமே நடந்தது. திட்டத்தின் கூறுகள் எளியவை: பள்ளி நலக் குழு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விழிப்புணர்வு உரை, சுவர் இதழ், போட்டிகள், மாணவர் குழுக்கள், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயிலரங்கு, தனி ஆலோசனை, இவற்றோடு மாணவர் தம் கருத்துகளையும் குறைகளையும் எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டி.

ஓராண்டு முடிவில் 9-ஆம் வகுப்பு மாணவர்களிடம் அளவிட்டபோது, ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் வெகுவாகச் சீரடைந்திருந்தது. மனச்சோர்வும், மாணவர்கள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும், வன்முறைக்கு ஆளாவதும் குறைந்திருந்தன. பாலினச் சமத்துவம் பற்றிய மனப்பான்மை மேம்பட்டிருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, வழக்கமான பள்ளிகளோடு ஒப்பிட, குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திட்டம் இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தபோது ஆலோசகர் பள்ளிகளில் நற்பயன் மேலும் பெருகியது.

இதனை ஆசிரியர் சமுதாயத்தின் மீதான குறையாகக் கொள்வது தவறு. பாடம் நடத்தி, தேர்வுத் தாள் திருத்தி, பதிவேடுகளை நிரப்பி, தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் சென்றுவரும் ஒருவரிடம், பிள்ளை வந்து நிற்கும்போது கேட்பதற்கு நேரம் எங்கே இருக்கும்? மேலும், மதிப்பெண் இடுபவரும் தண்டிப்பவரும் ஒருவராகவே இருக்கையில், அவரிடமே மனம் திறப்பது மாணவருக்கு எளிதன்று. பாடநூல் இரு பிரிவுப் பள்ளிகளுக்கும் பொதுவாகவே இருந்தது. கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தாரா என்பதில்தான் வேறுபாடு இருந்தது. நாலந்தா தரும் பாடம் இதுவே.

கீழ்ப்படிதலும் மறுத்தலும்

நம் சமூகத்தில் 'நல்ல பிள்ளை' என்றால் 'சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை' என்று பொருள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று ஆண்டு முழுவதும் கற்பித்துவிட்டு, ஒரு நாள் மட்டும் 'வேண்டாம் என்று சொல்' என்றால் குழந்தை எதனை நம்பும்? கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மேலே குறிப்பிட்ட 2007-ஆம் ஆண்டு ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளுள் மூவரில் இருவர் பள்ளியில் உடல் தண்டனைக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர். 'உன் உடல் உன்னுடையது' என்று கரும்பலகையில் எழுதும் கையில் பிரம்பும் இருந்தால், மாணவர் பிரம்பையே பாடமாக எடுத்துக்கொள்வர். தண்டனையைக் கைவிடுவது எல்லை பற்றிய கல்வியின் முதல் அத்தியாயம் ஆகும்.

மரியாதையும் மறுப்பும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. 'ஐயா, எனக்கு இது பிடிக்கவில்லை' என்று ஒரு மாணவன் பணிவோடு சொல்லவும் முடியும். அதனை ஆசிரியர் பெருந்தன்மையோடு ஏற்கவும் முடியும். சிறு செய்திகளில் அவ்வாறு ஏற்கப்பட்ட பிள்ளைதான் பெருந்துன்பம் நேரும்போது துணிந்து வாய் திறக்கும்.

சட்டம் விதிக்கும் கடமை

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிரம்பாத அனைவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, இதன்படி குழந்தைகளே. பள்ளி அலுவலர் அறிந்திருக்க வேண்டிய கூறுகள் வருமாறு:

1. குற்றம் நடந்திருப்பதை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறையிடமோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ தெரிவித்தாக வேண்டும் (பிரிவு 19). நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவர் மீது வழக்குத் தொடர இயலாது.

2. தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரிய குற்றம். நிறுவனத்தின் பொறுப்பாளர், தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை பெறலாம் (பிரிவு 21).

3. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் இருத்தலாகாது (பிரிவு 24).

4. குழந்தையின் பெயர், குடும்பம், பள்ளி ஆகியவற்றைச் செய்தி ஊடகங்கள் வெளியிடலாகாது (பிரிவு 23).

5. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, தன் பாதுகாப்புப் பற்றி வயதுக்கேற்ற பாடப்பொருளைத் தயாரிப்பது மத்திய, மாநில அரசுகளின் கடமை. குழந்தைகளோடு பழகும் பணியாளர்களின் பின்னணியைக் காவல் துறை மூலம் சரிபார்ப்பதும் விதிக்கப்பட்டுள்ளது.

ரகசியம் காப்பதாக ஆசிரியர் வாக்களிக்கலாகாது என்று மேலே கூறியதன் காரணம் இப்போது விளங்கும். 'உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன். மற்றவர்களிடம் சொல்லமாட்டேன்' என்பதே அவர் தரத்தக்க வாக்கு. குழந்தை கூறியதைக் குறுக்கிடாமல் கேட்பது, 'நீ சொன்னது நல்லது. இதில் உன் தவறு ஏதுமில்லை' என்று உறுதி கூறுவது, அது பயன்படுத்திய சொற்களை அப்படியே குறித்து வைப்பது, உடனே சட்டப்படி தெரிவிப்பது என இவ்வளவே ஆசிரியரின் பணி. துருவித் துருவி விசாரிப்பதும், குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்திக் கேட்பதும், பள்ளியின் பெயர் கெடும் என்று பெற்றோரைச் சமாதானப்படுத்துவதும் குழந்தைக்கு இழைக்கும் இரண்டாம் கொடுமை. குழந்தைகளுக்கான 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை எல்லாப் பள்ளிச் சுவர்களிலும் குழந்தையின் கண் எட்டும் உயரத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பெற்றோரின் ஐயம்

இத்தகைய கல்வி பிள்ளைகளின் மனத்தைக் கலைத்துவிடும், பெரியவர்களை மதிக்காமல் போகச் செய்யும் என்ற ஐயம் பெற்றோரிடம் இருப்பது இயல்பு. அதனை அறியாமை என்று ஒதுக்குவது பயன் தராது. 2005-இன் திட்டம் சந்தித்த எதிர்ப்பிலிருந்து கற்க வேண்டியது, பெற்றோரைக் கலந்து பேசாமல் பாடநூலை மட்டும் அனுப்பி வைப்பது போதாது என்பதாகும். என்ன கற்பிக்கப் போகிறோம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்னதாகவே காட்டி, படங்களை அவர்கள் கையில் கொடுத்து, வினாக்களுக்கு விடை தர வேண்டும். பெரும்பாலான பெற்றோர் அஞ்சுவது பாடப்பொருளைப் பார்த்து அன்று. அது என்னவென்று தெரியாத நிலையைப் பார்த்து. தம் பிள்ளைக்குத் தீங்கு நேரக் கூடாது என்பதில் அவர்களுக்கும் பள்ளிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அலுவலர் செய்யத்தக்கவை

ஆய்வுக்குச் செல்லும் கல்வித்துறை அலுவலர் வழக்கமாகப் பதிவேட்டைப் பார்த்து, பயிற்சி பெற்ற ஆசிரியர் இருவர் உள்ளனரா, வாராந்தரப் பாடவேளை அட்டவணையில் உள்ளதா என்று குறித்துக்கொள்வார். இவை தேவையே. இவற்றோடு வேறு சில வினாக்களையும் அவர் எழுப்ப வேண்டும். கருத்துப் பெட்டி இருக்கிறதா? அது எப்போது திறக்கப்பட்டது, யார் திறந்தார்? அதில் வந்த கடிதங்களின் மீது என்ன செய்யப்பட்டது என்பது மாணவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா? ஒரு பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் யாரிடம் செல்லும் என்று ஐந்து பிள்ளைகளிடம் தனித்தனியே கேட்டால் ஐவரும் ஒருவர் பெயரையாவது கூறுகின்றனரா?

அந்தப் பெயரைத் தரக்கூடிய ஒருவரை அளிப்பதற்குச் செலவு பிடிக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆலோசகர் உடனே இயலாவிடில், அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கு ஒருவரையேனும் அமர்த்தி, அவருக்கு வேறு பணிகளைத் தராமல் காப்பது முதற்படியாகலாம். நியமனம் பெற்ற ஆலோசகரை அலுவலக எழுத்துப் பணிக்கு மாற்றிவிடுவது, திட்டத்தைத் தொடங்காமலே இருப்பதற்கு ஒப்பாகும். இக்கல்வியைத் தேர்வுக்குரிய பாடமாக்காமல் இருப்பதும் முக்கியம். உணர்வுக்கு மதிப்பெண் இடத் தொடங்கினால் மாணவர் உணர்வை மறைக்கவே கற்பர்.

ஒரு குழந்தை தயங்கித் தயங்கி ஆசிரியர் அறையின் வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர் தலை நிமிர்ந்து 'வா, என்ன செய்தி?' என்று கேட்கலாம். அல்லது 'மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போ' என்று சொல்லலாம். பாடத்திட்டங்களும் சட்டங்களும் அக்குழந்தையை அவ்வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். அதற்கு அப்பால் உள்ள பணி, உள்ளே அமர்ந்திருப்பவருடையது. அவருக்கு அதற்குரிய பயிற்சியையும் நேரத்தையும் அளிப்பது அரசின் கடமை. அந்த நேரத்தைக் குழந்தைக்குத் தருவது அவருடைய கடமை.